விஎம் முகவரியைக் கேட்டால் ஏஐ ஏஜென்ட் ஏன் மூன்று விதமாகச் சொல்கிறது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஹட்டனில் ஒரு சிறிய கணினி நிலையம் நடத்துகிற தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய சர்வர் ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே இயந்திரத்தில் பல கணினிகளை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு 14 விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டுகிறார், உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் லினக்ஸ் பழகுவதற்காக. எந்த விஎம்முக்கு எந்த ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, என்று பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரு மொழி மாடலை எம்சிபி (ஏஐ மாடலை வெளி நிரல்களோடு இணைக்கிற முறை) வழியாகச் சர்வரோடு இணைத்து ஏஐ ஏஜென்ட் ஆக்கி, அது கூப்பிட்டு நெட்வொர்க் விபரம் பார்க்க ஒரு டூலும், அதாவது சிறு நிரலும், எழுதியிருக்கிறார். 103 ஆம் விஎம்மின் ஐபி என்ன என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்டிருக்கிறார். முதல் தடவை 172.17.0.1, இரண்டாவது தடவை 10.20.0.37, மூன்றாவது தடவை 192.168.1.100. மூன்றுமே பிழை. மாடலை மாற்ற வேண்டுமா, இல்லாவிட்டால் சர்வரின் ரூட் ஷெல்லையே, அதாவது எல்லா உரிமையும் உள்ள கட்டளை வாசலையே, ஏஜென்ட்டின் கையில் கொடுத்து அதுவே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி.

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. ரூட் ஷெல் கட்டாயம் வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன். நீங்கள் அனுப்பிய டூலின் நிரலைப் பார்த்தேன். மாடல் முதல் இரண்டு தடவையும் கையில் கிடைத்ததை வைத்துத்தான் பேசியிருக்கிறது, மூன்றாவது தடவை கையில் ஒன்றும் கிடைக்காமல் ஊகித்திருக்கிறது. உங்கள் டூல் ஒரு முகவரியைக் கொடுக்கிறது, ஆனால் அது யார் சொன்ன முகவரி, எப்போது சொன்னது என்று கொடுப்பதில்லை. அடிப்படைக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர் என்றபடியால் உங்களுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்று தோட்டத்தில் விசாரித்தால், ஆபீசில் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள், அது பதிவு. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பார்த்தால் இன்றைக்கு யார் வந்திருக்கிறார், எந்த மலைக்குப் போகிறார் என்று தெரியும், அது கண்ணால் கண்டது. அந்த ஆளிடமே கேட்டால் அவரே சொல்வார், அது அவர் வாய்ச்சொல். மூன்றும் ஒத்துப்போகிற நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. ஒத்துப்போகாத நாளில் ஒருவர் வந்து "அவர் பத்தாம் நம்பர் மலையில் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால், "யார் சொன்னது?" என்றுதானே முதலில் கேட்போம். விஎம்மின் ஐபியும் இப்படித்தான்.

ப்ராக்ஸ்மாக்ஸின் விஎம் கொன்ஃபிக், அதாவது விஎம்மின் அமைப்பை எழுதி வைத்திருக்கிற ஃபைல், என்பது செக்ரோல். அதில் இருப்பது நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (கார்டின் அடையாள எண்), எந்த பிரிட்ஜில் (சர்வருக்குள் இருக்கிற மெய்நிகர் சுவிட்ச்) செருகியிருக்கிறது, விஎலான் (வலையமைப்பைப் பிரிக்கிற முறை) டேக் இருந்தால் அந்த எண், இவ்வளவுதான். கிளவுட்-இனிட் (விஎம் முதலில் எழும்போது அமைப்புகளை எழுதுகிற நிரல்) மூலம் நிலையான முகவரி எழுதி வைத்திருந்தால் ஒழிய ஐபி அங்கே இருக்காது. பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. விஎம்மை ஓட்டுகிற ஹைப்பர்வைசருக்கு அதன் ஐபி தெரியாமல் இருக்குமா என்று கேட்பார்கள். பிரிட்ஜ் வேலை செய்வது மேக் முகவரியை வைத்து, ஐபியைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

அப்புறம் லீஸ் பட்டியல். ஐபியைக் கொடுப்பது டிஎச்சிபி சர்வர், அது உங்கள் நிலையத்தில் ரூட்டர். இந்த மேக்குக்கு இந்த முகவரியை இத்தனை மணி வரைக்கும் கொடுத்தேன் என்று அது எழுதி வைத்திருக்கும். லிப்வெர்ட் என்ற இன்னொரு விஎம் மென்பொருளைத் தனியாகப் போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அங்கே 192.168.122.0/24 என்ற வலையமைப்பை லிப்வெர்ட்டே உண்டாக்கி, முகவரியும் அதுவே கொடுக்கும், ஆகவே லீஸைப் பக்கத்திலேயே பார்க்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக அப்படி இல்லை, நேராக பிரிட்ஜில் விட்டுவிடும், லீஸ் வெளியே இருக்கிற ரூட்டரில் கிடக்கும். இணையத்தில் கிடைக்கிற லிப்வெர்ட் உதாரணத்தை எடுத்து ப்ராக்ஸ்மாக்ஸில் ஓட்டி ஒன்றும் வரவில்லை என்று நிற்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, பெரட்டு. சர்வரின் ஏஆர்பி அட்டவணையும் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற குறிப்பு) பிரிட்ஜின் மேக் அட்டவணையும். ஏஆர்பியில் இருப்பது சர்வர் அண்மையில் பேசிய இயந்திரங்கள் மட்டும், பேசாத விஎம் அங்கே இருக்காது. பிரிட்ஜ் அட்டவணை இன்னும் உறுதியானது, எந்த மேக் எந்த டேப் போர்ட்டுக்கு (விஎம்மின் கார்டு பிரிட்ஜில் செருகுகிற இடம்) பின்னால் இருக்கிறது என்று காட்டும். டேப் போர்ட்டின் பெயரிலேயே விஎம் எண் இருக்கும், 103 ஆம் விஎம்மின் முதல் கார்டு என்றால் டேப்103ஐ0.

நான்காவது, விஎம்முக்குள்ளே ஓடுகிற கெஸ்ட் ஏஜென்ட். பெயரில் குழம்ப வேண்டாம், இதற்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இது விஎம்முக்குள் நிறுவுகிற ஒரு சின்ன நிரல், நெட்வொர்க் வழியாகப் பேசாமல் ஹைப்பர்வைசரோடு தனியான ஒரு சீரியல் பாதையில் பேசும், அதனால் விஎம்மின் நெட்வொர்க் செத்துக் கிடந்தாலும் பதில் சொல்லும். ப்ராக்ஸ்மாக்ஸின் சம்மரி பக்கத்தில் ஐபி தெரிகிறதே, அது இந்தக் கெஸ்ட் ஏஜென்ட் சொன்னதுதான். ஒரு விஷயம், விஎம்மின் ஆப்ஷன்ஸில் கெஸ்ட் ஏஜென்ட்டை இயக்கி, உள்ளே நிரலையும் நிறுவி, பிறகு உள்ளேயிருந்து ரீபூட் மட்டும் செய்தால் போதாது. விஎம்மை முழுதாக நிறுத்தித் திரும்ப எழுப்பினால்தான் அந்தச் சீரியல் சாதனம் பொருந்தும். அரை நாள் தேடியும் கெஸ்ட் ஏஜென்ட் ஓடவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் மூன்று பதிலுக்கு வருவோம். உங்கள் டூல் முதலில் கெஸ்ட் ஏஜென்ட்டைக் கேட்கிறது. அது பதில் சொல்லாவிட்டால் ரூட்டரின் லீஸ் பட்டியலைப் பார்க்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் வெறும் பட்டியலைத் திருப்பித் தருகிறது. ஆக மூன்று பதிலும் மூன்று வேறு பாதையில் வந்தவை.

172.17.0.1 எங்கிருந்து வந்தது? அந்த விஎம்மில் ஏதோ ஒரு பிள்ளை டொக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுகிற மென்பொருள்) நிறுவியிருக்கிறது. டொக்கர் வந்தவுடன் உள்ளே டொக்கர்0 என்று ஒரு பிரிட்ஜ் முளைக்கும், அதற்கு வழக்கமாக 172.17.0.0/16 இல் முதல் முகவரி. கெஸ்ட் ஏஜென்ட் நேர்மையாக எல்லா இன்டர்ஃபேஸையும் (நெட்வொர்க் முனை) சொல்கிறது, 127.0.0.1 ஐயும் டொக்கரின் முகவரியையும் உண்மையான கார்டின் முகவரியையும். உங்கள் நிரலில் 127 இல் தொடங்குவதை மட்டும் தள்ளிவிட்டு அடுத்து கையில் அகப்படுகிற முகவரியை எடுக்கிறீர்கள். இதற்குச் சிலர் 172 இல் தொடங்குவதைத் தள்ளு, பெயரில் டொக்கர் இருந்தால் தள்ளு என்று எழுதிக்கொண்டே போவார்கள். அந்த வழியில் போகாதீர்கள். நாளைக்கு யாராவது வயர்கார்ட் (தனிப்பட்ட சுரங்க இணைப்பு) போடுவார்கள், குபர்நெட்டிஸ் பழகுவார்கள், அந்தப் பட்டியல் முடியாது. அதோடு 172.16 முதல் 172.31 வரை முழுதும் தனியார் முகவரி வரம்புதான், எங்கேயோ ஒரு அலுவலகத்தில் அதுவே உண்மையான வலையமைப்பாக இருக்கும்.

சரியான வழி மேக் முகவரியால் இணைப்பது. கொன்ஃபிக்கில் நெட்0 என்ற வரியில் ஒரு மேக் இருக்கிறது. கெஸ்ட் ஏஜென்ட்டின் பதிலில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு மேக் இருக்கிறது. இரண்டும் பொருந்துகிற இன்டர்ஃபேஸின் முகவரியை மட்டும் எடுங்கள். டொக்கர் பிரிட்ஜின் மேக் விஎம்முக்குள் உண்டானது, கொன்ஃபிக்கில் இருக்காது, தானாகவே விழுந்துவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ப்ராக்ஸ்மாக்ஸ் பெரிய எழுத்தில் எழுதும், லினக்ஸ் சிறிய எழுத்தில் சொல்லும், இந்த ஒன்றாலேயே எதுவும் பொருந்தாமல் போகும். விஎம்முக்குள்ளே விஎலான் போட்டிருந்தால் ஒரே மேக்கில் இரண்டு இன்டர்ஃபேஸ் வரலாம், அப்போது ஒன்றைத் தெரிவு செய்யாமல் இரண்டையும் பெயரோடு கொடுங்கள். எஃப்இ80 என்று தொடங்குகிற ஐபிவி6 முகவரிகளைத் தனியாக வையுங்கள், அவை அந்த ஒரு இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும், பிள்ளைகள் எஸ்எஸ்எச் மூலம் விஎம்முக்குள் நுழையக் கேட்கும்போது அதைக் கொடுத்தால் குழம்பித்தான் போவார்கள்.

இரண்டாவது பதில், 10.20.0.37. இதில்தான் விஷயம் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் கெஸ்ட் ஏஜென்ட் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை, பழைய சர்வர், நினைவகம் நெருக்கடி, நடக்கிறதுதான். உடனே டூல் லீஸ் பட்டியலுக்குப் போய் ஹோஸ்ட் பெயரை (விஎம் தனக்கு வைத்திருக்கிற பெயர்) வைத்துத் தேடியிருக்கிறது. ஆனால் உங்கள் 14 விஎம்மும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து (மூல விஎம்) க்ளோன், அதாவது நகல், எடுத்தவை, பாதிக்கு மேல் உள்ளே இன்னும் டெம்ப்ளேட்டின் ஹோஸ்ட் பெயரே இருக்கிறது. ஆகவே முதலில் அகப்பட்ட யாரோ ஒருவருடைய முகவரியை எடுத்துக் கொடுத்துவிட்டது. லீஸையும் மேக்கால்தான் தேட வேண்டும், பெயரால் தேடக் கூடாது.

ஆனால் அதோடு முடியவில்லை. நீங்கள் அனுப்பிய லீஸ் பட்டியலில் 14 விஎம்முக்கு 11 முகவரிதான் இருக்கிறது, கவனித்தீர்களா? உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி, டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது வழக்கமாக மேக்கைச் சொல்வதில்லை, மெஷின்-ஐடியிலிருந்து (ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உள்ள அடையாள எண்) உண்டாக்கிய ஒரு அடையாளத்தைச் சொல்லும். க்ளோன் எடுக்கும்போது ப்ராக்ஸ்மாக்ஸ் புது மேக் கொடுக்கிறது, ஆனால் டிஸ்க்கில் இருக்கிற மெஷின்-ஐடி அப்படியே வருகிறது. ரூட்டரின் கண்ணுக்கு இரண்டு விஎம்மும் ஒரே ஆள். ஒரே முகவரியை இரண்டு பேருக்கும் கொடுக்கிறது. பிள்ளைகள் "காலையில் என்னுடைய ஃபைல் இருந்தது, மத்தியானம் காணவில்லை" என்று அழுவதாக எழுதியிருந்தீர்களே, ஃபைல் எங்கும் போகவில்லை, அந்தப் பிள்ளை வேறு விஎம்முக்குள் நுழைந்திருக்கிறது. மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், எந்த டூலை எழுதினாலும், இது தீராமல் சரியான பதில் வராது, ஏனென்றால் சரியான பதில் என்று ஒன்று அங்கே இல்லை.

தீர்வு சின்னது. டெம்ப்ளேட்டில் ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி ஃபைலை வெறுமையாக்கிவிட்டு மூடுங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே ஒன்றும் இல்லாமல் ஃபைல் மட்டும் இருக்கட்டும், அடுத்த தடவை எழும்போது புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே ஓடுகிற விஎம்களில் நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்பு ஃபைலில் டிஎச்சிபி அடையாளமாக மேக்கைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தாலும் முகவரிச் சண்டை நின்றுவிடும்.

மூன்றாவது, 192.168.1.100. உங்கள் வலையமைப்பிலேயே இல்லாத முகவரி. கெஸ்ட் ஏஜென்ட்டும் பேசவில்லை, ரூட்டரும் அந்த நேரம் எட்டவில்லை, டூல் வெறும் பட்டியலைக் கொடுத்தது, மாடல் அந்த வெற்றிடத்தைத் தன் பழக்கத்தால் நிரப்பிவிட்டது. வீட்டு ரூட்டர் பாடங்களில் ஆயிரம் தடவை வருகிற முகவரி அது. மாடலுக்கு உங்கள் சர்வரின் எந்த முகவரியும் சொந்தமாகத் தெரியாது, தெரிவதற்கு வழியே இல்லை. டூலின் பதிலில் இல்லாத ஒரு ஐபியை அது சொன்னால் அது கற்பனை, வேறொன்றும் இல்லை. இதை நிலைய ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வெறும் பட்டியல் என்பது பதில் கிடையாது. விஎம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது ஒரு நிலை. ஓடுகிறது, ஆனால் கெஸ்ட் ஏஜென்ட் நிறுவப்படவில்லை என்பது இன்னொன்று. நிறுவப்பட்டிருக்கிறது, 5 செக்கனுக்குள் பதில் வரவில்லை என்பது வேறு. பதில் வந்தது, கார்டுக்கு முகவரியே இல்லை என்பது வேறு. டூல் ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் நுழையப் பயன்படுத்துகிற டோக்கனுக்கு அனுமதி இல்லை என்பது முற்றிலும் வேறு. இந்த ஒவ்வொன்றையும் தனித்தனி வாக்கியமாக டூல் சொல்ல வேண்டும், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து. எம்சிபியில் டூலின் பதிலோடு இது பிழை என்று குறிக்கிற ஒரு கொடி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், அப்போது அந்த வாக்கியம் மாடலின் கண்ணுக்கு எட்டும். நிரலை அப்படியே இடிந்து விழ விட்டால் மாடலுக்குக் காரணம் போய்ச் சேராது, பழையபடி ஊகிக்கத் தொடங்கிவிடும்.

169.254 இல் தொடங்குகிற முகவரியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். என் அனுபவம் ஒன்று. பண்டாரவளையில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் முகவரி கொடுக்கிற ரூட்டரே ஒரு விஎம்மாக ஓடியது. 2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாத காலம், யூபிஎஸ் தாங்காது, கரண்ட் வந்தவுடன் எல்லா விஎம்மும் ஒன்றாக எழும்பும், ரூட்டர் விஎம் மெதுவாக எழும்பும். அதற்குள் விண்டோஸ் விஎம்கள் டிஎச்சிபியைக் கேட்டுப் பார்த்துவிட்டு 169.254 முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். அந்த நாளில் ஏஐ ஏஜென்ட் கிடையாது, ஐபியைப் பட்டியலிட நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அது அந்த முகவரியைச் சாதாரண முகவரி போலவே எழுதிவிட, அங்கே வேலை பார்த்த பையன் அதை நம்பி ஃபயர்வால் விதியில் போட்டுவிட்டான். அடுத்த நாள் விஎம்முக்குச் சரியான முகவரி வந்தது, விதி எதற்கும் பொருந்தவில்லை, சம்பளப் பட்டியல் இருந்த விஎம் இரண்டு நாள் திறந்து கிடந்தது. அதிலிருந்து 169.254 வந்தால் முகவரி என்று எழுதாமல், டிஎச்சிபியிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன். ப்ராக்ஸ்மாக்ஸில் எந்த விஎம் முதலில் எழும்ப வேண்டும், அதற்குப் பிறகு எத்தனை செக்கன் பொறுக்க வேண்டும் என்று போட இடம் இருக்கிறது, ரூட்டர் விஎம் வைத்திருப்பவர்கள் அதை ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இனி டூல் எப்படி இருக்க வேண்டும். விஎம்மின் எண்ணை மட்டும் வாங்குகிற ஒரு டூல், பெயரைக் கொடுத்தால் பொருந்துகிற விஎம்களின் பட்டியலைத் தருகிற இன்னொரு டூல், இரண்டும் போதும். எண் ஏன் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரே பெயரை இரண்டு விஎம்முக்கு வைக்கலாம், எண்ணை வைக்க முடியாது. அதைவிட முக்கியமான காரணம் நம்முடைய பெயர்கள். விஎம் பெயர் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும், பிள்ளைகள் கேட்பது தமிழில். தர்ஷினி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள், மாடல் அதில் ஒன்றை ஊகித்து டூலைக் கூப்பிடும், பக்கத்து விஎம் வந்து நிற்கும். ஆகவே ஒன்றுக்கு மேல் பொருந்தினால் தெரிவு செய்யாதே, எண்ணோடு காட்டித் திருப்பிக் கேள் என்று டூலின் விளக்கத்திலேயே எழுதுங்கள். அந்த விளக்கத்தைத்தான் மாடல் வாசித்து எதை எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுக்கிறது, அதை அரை வரியில் முடித்துவிடாதீர்கள்.

கொடுக்கிற பதிலில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் மூலம் என்ன, பார்த்த நேரம் என்ன, எந்த மேக் என்பது இருக்கட்டும். நேரத்தை +5:30 என்று சேர்த்தே எழுதுங்கள், சர்வர் உலகப் பொது நேரத்திலும் ரூட்டர் நம் நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரப் பழைய லீஸைப் புதிது என்று எடுத்துக்கொள்ளும். கெஸ்ட் ஏஜென்ட்டும் லீஸும் வேறு வேறு சொன்னால் டூல் தீர்ப்புச் சொல்லக் கூடாது, இரண்டையும் கொடுத்து, பொருந்தவில்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கெஸ்ட் ஏஜென்ட்டின் முழு ஜேசன் பதிலையும் அப்படியே மாடலுக்குக் கொட்டாதீர்கள், எத்தனை பைட் வந்தது போனது என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கும், 14 விஎம்முக்கும் சேர்த்தால் தேவையானது அதற்குள் புதைந்துவிடும்.

இப்போது ரூட் ஷெல். கொடுக்காதீர்கள். ஐபி பார்க்க வாசிக்கிற உரிமை போதும். ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கென்று தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, அவருக்கு ஏபிஐ டோக்கன் எடுத்து, ஆடிட்டர் ரோலை (பார்க்க மட்டும் முடிகிற உரிமை) கொடுங்கள். கெஸ்ட் ஏஜென்ட்டிடம் கேட்பதற்கு ஆடிட்டர் ரோலுக்கு மேல் ஒரு உரிமை தேவைப்படலாம், 9 ஆம் பதிப்பில் கெஸ்ட் ஏஜென்ட்டை வாசிப்பதற்கு மட்டும் என்று தனி உரிமையே பிரித்து வைத்திருக்கிறார்கள், அதைச் சேர்த்தால் முடிந்தது. எம்சிபியில் டூலுக்கு இது வாசிக்க மட்டும் என்று ஒரு குறிப்பு வைக்கலாம், வையுங்கள், ஆனால் அது குறிப்புத்தான், எதையும் தடுக்காது. தடுப்பது டோக்கனின் உரிமை.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்று. சிலர் வேலை சுலபம் என்று, எந்தக் கட்டளையை வேண்டுமானாலும் கெஸ்ட் ஏஜென்ட்டுக்கு அனுப்புகிற ஒரே டூலை எழுதி, கட்டளையை மாடலே நிரப்பட்டும் என்று விடுகிறார்கள். கெஸ்ட் ஏஜென்ட்டால் ஐபி சொல்ல மட்டுமில்லை, விஎம்முக்குள் நிரலை ஓட்டவும், கடவுச்சொல்லை மாற்றவும், ஃபைலைத் திறந்து எழுதவும் முடியும், அதுவும் வழக்கமாக ரூட்டாக. அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஐபி டூல் என்று பெயர் வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

அதோடு அந்த விஎம்களுக்குள் பிள்ளைகளுக்கு ரூட் உரிமை இருக்கிறது. ஆக கெஸ்ட் ஏஜென்ட் சொல்வது எல்லாம், ஹோஸ்ட் பெயர் உட்பட, பிள்ளை எழுத நினைத்தால் எழுதக் கூடியது. ஹோஸ்ட் பெயருக்குள் மாடலுக்கு ஒரு கட்டளையை ஒளித்து வைக்க முடியும், அங்கே 64 எழுத்துக்கு இடம் இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஏவல் எழுத அது போதும். விஎம்மின் குறிப்புப் பகுதியில் இதைவிட எவ்வளவோ அதிகமாக எழுதலாம், பிள்ளைகளுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் கணக்கு கொடுத்திருந்தால் அதையும் யோசியுங்கள். நம் பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, 17 வயதில் ஒரு பூட்டைப் பார்த்தால் திறந்து பார்க்கத் தோன்றுவது நல்ல குணம்தான். ஆனால் டூல் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஹோஸ்ட் பெயரில் எழுத்து, எண், சிறு கோடு தவிர மற்றதை நீக்குங்கள், நீளத்தை வெட்டுங்கள். மாடலிடம் இது விஎம் சொன்ன தரவு, ஏவல் கிடையாது என்று குறித்துக் கொடுங்கள். இவ்வளவும் செய்தாலும் முழுப் பாதுகாப்பு டோக்கன் எதையும் மாற்ற முடியாதபடி இருப்பதில்தான் இருக்கிறது. ஃபயர்வால் போன்ற முடிவுக்குக் கெஸ்ட் ஏஜென்ட்டின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள், பிரிட்ஜ் அட்டவணையோடும் ஏஆர்பியோடும் ஒத்துப்பாருங்கள், அவை விஎம்முக்கு வெளியே நின்று பார்த்தவை.

கடைசியாக, வீட்டிலிருந்து பிள்ளைகள் நுழைய வேண்டும், வெளி முகவரியையும் டூல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தனி முகவரி இல்லாமல் எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுத்த கதை நம் வீடுகளில் எல்லாம் உண்டு. பல்கலைக்கழகக் கடிதம் ஆபீசில் கிடந்து திகதி போனவர்களை எனக்கே தெரியும். என்ஏடி என்பது அதே ஏற்பாடு. வெளியே தெரிவது ரூட்டரின் ஒரே முகவரி, உள்ளே யாருக்கு என்று ரூட்டர் பிரிக்கிறது, விஎம்முக்குத் தன் வெளி முகவரி தெரியாது, ஆகவே கெஸ்ட் ஏஜென்ட்டைக் கேட்டுப் பயனில்லை. உங்கள் ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் இருந்தால் இணையச் சேவை தருகிறவரிடமும் இன்னொரு என்ஏடி இருக்கிறது, 4ஜி இணைப்புகளில் சாதாரணமாக இப்படித்தான். அப்போது ரூட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது, வயர்கார்ட்டை வெளியே ஒரு சின்னச் சர்வரில் வைத்து உள்ளேயிருந்து அதற்கு இணைப்பு எடுப்பதுதான் வழி. அந்தச் சர்வரை ஏடபிள்யூஎஸ் மாதிரி கிளவுட் சேவையில் எடுத்தால், அங்கேயும் பொது முகவரி விஎம்மின் கார்டில் இருக்காது, கிளவுட்டைத்தான் கேட்க வேண்டும், நிறுத்தி எழுப்பினால் தானாகக் கொடுத்த பொது முகவரி மாறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியபின் சோதிப்பது எப்படி என்றால், விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். ஒரு விஎம்மை நிறுத்திவிட்டு அதன் ஐபியைக் கேளுங்கள். ஒன்றில் கெஸ்ட் ஏஜென்ட்டை நிறுத்துங்கள், ஒன்றில் டொக்கர் போடுங்கள், ரூட்டரின் கேபிளை ஒரு நிமிடம் கழற்றுங்கள், 199 என்று இல்லாத ஒரு எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏஜென்ட் மூலத்தோடு சரியான முகவரியைச் சொல்ல வேண்டும், முகவரி இல்லாவிட்டால் காரணத்தோடு "கிடைக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். ஒரு இடத்திலாவது எண் ஒன்றை உண்டாக்கிச் சொன்னால், அந்த நேரம் டூல் என்ன வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்தது என்று லொக்கில் பாருங்கள், பெரும்பாலும் அந்த வாக்கியத்தைத் திருத்தினால் சரியாகும்.

முதலில் மெஷின்-ஐடி, அதை இன்றைக்கே செய்யுங்கள், பிள்ளைகளின் ஃபைல் சம்பந்தப்பட்டது. பிறகு மேக் பொருத்துவது. டூலின் பிழை வாக்கியங்களை எழுதியதும் அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். லீஸ் பட்டியலில் 14 விஎம்முக்கும் 14 முகவரி வந்ததா என்பதையும் எழுதுங்கள்.